ஃபைபர் படகின் தாங்கும் வரம்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் முடியும் தறுவாயில் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. கண்ணாடியிழையையும் ரெசின் என்ற பிசினையும் அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்யும் தகடு எவ்வளவு சுமை தாங்கும் என்பதை முன்கூட்டியே எப்படிக் கணிப்பது என்பதே அந்தப் பொருள். ஒன்றுபோல் இருந்த கடிதங்களைச் சேர்த்து இம்முறை ஆறு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்ப்பெயர்களை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஃபைபர் படகு கட்டி வாங்கினேன். அடிப்பக்கம் 8 மி.மீ. தடிமன், உள்ளே குறுக்குச் சட்டங்கள் அரை மீட்டருக்கு ஒன்றாக இருக்கின்றன. கட்டியவர் "எவ்வளவு அலை அடித்தாலும் தாங்கும்" என்று சொல்லியிருந்தார். சென்ற கச்சான் காற்றுக் காலத்துக்குப் பிறகு, அணியத்துக்கு (படகின் முன்பகுதிக்கு) பக்கத்தில், சட்டங்களை ஒட்டியே மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. அவர் சொன்னது பொய்யா? (பாம்பன்)

பதில்: பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த அளவு என்று சொல்லாத ஒரு வாக்குறுதிக்குப் பொறியியலில் மதிப்பில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு அளவுகளை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மீட்டர் உயரமுள்ள நீர், ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறத்தாழ ஒரு டன் எடைக்குச் சமமாக அழுத்துகிறது. இரண்டு சட்டங்களுக்கு இடையே உள்ள தகட்டை இரு ஓரங்களிலும் இறுகப் பிடிக்கப்பட்ட பட்டையாகக் கொண்டால், அந்த அழுத்தம் தகட்டின் மேற்பரப்பில் உண்டாக்கும் தகைவு (பொருளுக்குள் ஒரு பரப்பலகில் எழும் விசை), அழுத்தத்தைச் சட்ட இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி, தடிமனின் வர்க்கத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 500 மி.மீ. இடைவெளிக்கும் 8 மி.மீ. தடிமனுக்கும் விடை சுமார் 19.5 மெகாபாஸ்கல். (ஒரு மெகாபாஸ்கல் என்பதை, ஒரு சதுர செ.மீ. பரப்பில் 10 கிலோ எடை என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.) இது அமைதியான நீருக்கு. அலையின் முதுகிலிருந்து படகு பொத்தென்று விழும்போது அணியத்தின் அடியில் ஒரு கணம் ஏற்படும் அழுத்தம் இதைப்போல் பல மடங்கு ஆகும். நான்கு மடங்கு என்று மட்டும் வைத்துக்கொண்டாலும் தகைவு 78 மெகாபாஸ்கலைத் தொடுகிறது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். நறுக்கிய இழைகளைப் பாய்போல் சேர்த்த மேட் (mat) என்ற விரிப்பும் பாலியஸ்டர் ரெசினும் சேர்ந்த தகட்டில், எடையில் 30 விழுக்காடு கண்ணாடி இருந்தால், அதன் இழுவலிமை 85 மெகாபாஸ்கல் அளவிலும் வளைவுவலிமை 150 மெகாபாஸ்கல் அளவிலும் இருக்கும் என்று கொள்வது வழக்கம். சிறு கலங்களின் உடற்பகுதிக்கான ஐ.எஸ்.ஓ. 12215 தரநிலை, தகட்டின் வலிமையில் பாதிக்கு மேல் வடிவமைப்பில் பயன்படுத்த விடுவதில்லை. 150-இல் பாதி 75. உங்கள் படகு அந்தக் கோட்டின் மேலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அது உடைந்து போகவில்லை என்பதும், கீறல் விட்டிருக்கிறது என்பதும் இரண்டுமே கணக்கோடு பொருந்துகின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரும்புக்குச் சொல்வதுபோல் அடுக்குத் தகட்டுக்கு "இதுதான் வரம்பு" என்று ஒற்றை எண் சொல்ல முடியாது. மேட் தகட்டில், முறியும் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வந்தவுடனேயே, விசைக்குக் குறுக்காகக் கிடக்கும் இழைகள் ரெசினிலிருந்து பிரியத் தொடங்கிவிடும். வெளியே எதுவும் தெரியாது. பிறகு ரெசின் விரிசல் விடும். கடைசியாகத்தான் இழைகள் அறுந்து தகடு முறியும். கட்டியவர் மூன்றாவது வரம்பை எண்ணிப் பேசியிருக்கிறார். நீங்களோ இரண்டாவதைக் கண்டுவிட்டு எழுதுகிறீர்கள். கடலில் ஓடும் படகுக்கு இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் விரிசல் வழியே உப்புநீர் இழைவரை சென்றுவிட்டால் மூன்றாவது வரம்பும் நாளுக்கு நாள் இறங்கும்.

கீறல்கள் சட்டத்தை ஒட்டியே தோன்றியது தற்செயலன்று. இறுகப் பிடித்த தகட்டில், சட்டத்தின் ஓரத்தில் ஏற்படும் வளைவுத் திருப்புத்திறன் (தகட்டை வளைக்கும் தாக்கம்) நடுப்பகுதியில் ஏற்படுவதைப்போல் இரு மடங்கு. ஜெல்கோட்டை (தகட்டின் வெளிப்பூச்சை) அந்த இடத்தில் சிறிது தேய்த்துப் பாருங்கள். கீறல் ஜெல்கோட்டோடு நின்றிருந்தால் அச்சமில்லை. கீழுள்ள மேட் வெளுத்திருந்தாலோ, நாணயத்தால் தட்டும்போது மற்ற இடங்களைப் போல் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தாலோ, அடுக்குப் பிரிந்திருக்கிறது என்று பொருள். சரிசெய்யும்போது 8 மி.மீ. தகட்டை 10 மி.மீ. ஆக்கினால் தகைவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே இன்னொரு சட்டம் வைத்தால் கால் பங்காகவே குறைந்துவிடும். எடையும் அதிகம் ஏறாது. சட்டத்தின் அடி தகட்டோடு சேரும் மூலையை மட்டும் கூராக விடாமல், ரெசின் பசையால் வளைவாக நிரப்பி, அதன் மேல் அடுக்குகளைப் படிப்படியாக அகலமாக்கி ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். அடுக்குத் தகட்டின் முறிவைக் கணிக்கப் பெருமத் தகைவு விதி, சாய்–ஹில் விதி, சாய்–வூ விதி என்று மூன்றைப் பாடத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரே தரவைக் கொடுத்தால் மூன்றும் மூன்று விடை தருகின்றன. எதை நம்புவது? (கீழக்கரை)

பதில்: நல்ல கேள்வி. (சாய், ஹில், வூ என்பவை இந்த விதிகளோடு தொடர்புடைய ஆய்வாளர்களின் பெயர்கள்.) இதே கேள்வியை இந்தத் துறையினரே தங்களுக்குள் கேட்டு, விடை தேடப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டிருக்கிறார்கள். அதற்கு முன், உங்கள் விடைகள் ஏன் வேறுபடுகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்த்துவிடுவோம்.

எல்லா இழைகளும் ஒரே திசையில் ஓடும் கண்ணாடி–எபாக்சி (எபாக்சி ஒரு வகை ரெசின்) அடுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பருமனில் 60 விழுக்காடு இழை. இழைத்திசையில் அதன் இழுவலிமை 1280 மெகாபாஸ்கல், அமுக்க வலிமை 800. இழைக்குக் குறுக்கே இழுவலிமை வெறும் 40, அமுக்க வலிமை 145. சறுக்குப்பெயர்ச்சி வலிமை, அதாவது பக்கவாட்டில் சறுக்கவிடும் விசையைத் தாங்கும் அளவு, 73. இந்த ஐந்து எண்களே கணிப்பின் மூலதனம். 1280-ஐயும் 40-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒரே பொருள், திரும்பி நின்றால் முப்பதில் ஒரு பங்கு வலிமைதான் மிஞ்சுகிறது. மூங்கிலை நெடுக்கில் பிளப்பதும் குறுக்கில் முறிப்பதும் எப்படியோ, அப்படி.

இந்தப் பட்டையை இழைத்திசைக்கு 30 பாகை சாய்வாக இழுக்கிறோம். 150 மெகாபாஸ்கல் இழுக்கும்போது, இழைக்குக் குறுக்கான தகைவு 37.5, சறுக்குப்பெயர்ச்சித் தகைவு 65. முதலாவது தன் வரம்பில் 94 விழுக்காட்டையும் இரண்டாவது 89 விழுக்காட்டையும் எட்டியிருக்கின்றன. பெருமத் தகைவு விதி ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்கும்; இரண்டுமே வரம்பைத் தாண்டவில்லையே என்று 160 வரை அனுமதிக்கும். சாய்–ஹில் விதியோ இரண்டும் கூட்டுச்சேர்ந்து ஒரே ரெசினைத்தான் சிதைக்கின்றன என்று கருதி, 116-இலேயே நிறுத்திவிடும். சாய்–வூ விதி 110 என்கிறது. ரெசின் தனித்தனியாகப் பட்டியல் போட்டு உடைவதில்லை ஆகையால், இந்தக் கோணத்தில் பின்னிரண்டு விதிகளின் பக்கமே நான் நிற்பேன்.

ஆனால் அவற்றிலும் குறை உண்டு. சாய்–ஹில் விதியின் மூலம், 1948-இல் ஹில் என்பவர் உலோகங்களின் நிலைத்த உருமாற்றத்துக்காக எழுதிய சமன்பாடு. அதை 1965-இல் அசியும் சாயும் இழைப்பொருளுக்கு மாற்றியமைத்தார்கள். இழுவைக்கும் அமுக்கத்துக்கும் வலிமை வேறு என்பதை அது தானாக அறியாது. 1971-இல் வந்த சாய்–வூ விதி அந்தக் குறையை நீக்கியது. ஆனால் அதில், இழுத்து உடைக்கும் கணக்கின் விடைகூட அமுக்க வலிமையை மாற்றினால் மாறிவிடும். கணிதத்துக்கு அது அழகு; இயற்பியலுக்கு அது உறுத்தல். மேலும், இந்த இரண்டு விதிகளும் "உடையும்" என்று சொல்லுமே தவிர, எது உடையும் என்று சொல்லாது. இழை அறுவதையும் ரெசின் பிளப்பதையும் வெவ்வேறு சமன்பாடுகளாகப் பிரித்த ஹாஷினின் 1980-ஆம் ஆண்டு முறையும், ரெசின் எந்தக் கோணத்தில் பிளக்கும் என்பதையே தேடிக் கண்டுபிடிக்கும், பக் என்பவரின் முறையும் இந்த இடத்தில்தான் முன்னேற்றம்.

பல திசை அடுக்குகள் சேர்ந்த தகட்டுக்கு வரும்போது இது வெறும் ரசனை வேறுபாடாக நிற்பதில்லை. மேலே சொன்ன அடுக்கையே பாதி நெடுக்கிலும் பாதி குறுக்கிலுமாக அடுக்கி இழுத்தால், எல்லா அடுக்குகளும் ஒரே அளவு நீளும். அடுக்குத்தகட்டுக் கோட்பாட்டின் அடிப்படை இதுதான்: திரிபு (நீட்சி விகிதம்) பொது, தகைவு அவரவர் விறைப்புக்கு ஏற்றபடி. குறுக்கடுக்கின் யங் குணகம் (விறைப்பின் அளவு) 16.2 கிகாபாஸ்கல் (16,200 மெகாபாஸ்கல்), வலிமை 40 மெகாபாஸ்கல், ஆகவே 0.25 விழுக்காடு நீட்சியிலேயே அது விரிசல் விடும். அப்போது தகட்டின் மேல் சராசரித் தகைவு 76 மெகாபாஸ்கல்தான். நெடுக்கடுக்கின் இழைகளோ 2.8 விழுக்காடு நீளும்வரை அறாது. அவை மட்டுமே சுமந்தாலும் தகடு 640 வரை தாங்கும். முதல் அடுக்கு முறிவு 76, இறுதி முறிவு 640. தேர்வுத்தாளில் "தகட்டின் வலிமை என்ன?" என்று மட்டும் கேட்டிருந்தால், எந்த வரம்பைக் கேட்கிறீர்கள் என்று எழுதிவிட்டுத்தான் விடையைத் தொடங்க வேண்டும்.

இனி, அந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கதை. 1991-இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் கூடிய வல்லுநர்கள், எந்த முறிவுக் கோட்பாட்டிலும் முழு நம்பிக்கை இல்லை என்பதை உணர்ந்தபின், ஹின்டன், சோடன், கதூர் ஆகிய மூவர் "உலகளாவிய முறிவுப் பயிற்சி" என்ற ஒப்பீட்டை நடத்தினார்கள். கோட்பாடுகளை உருவாக்கியவர்களிடமே ஒரே பொருள்தரவைக் கொடுத்து, சோதனை முடிவைக் காட்டாமல் கணிப்பை முதலில் எழுதி வாங்கினார்கள். பிறகே சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். 19 கோட்பாடுகள், 14 சோதனை நிலைகள். முடிவுகள் 1998 முதல் 2004 வரை வெளிவந்தன. எல்லா நிலையிலும் வென்ற கோட்பாடு ஒன்றுகூட இல்லை. இறுதி முறிவை ஓரளவு நன்றாகக் கணித்தவையும் முதல் விரிசலைக் கணிப்பதில் தடுமாறின. முன்வரிசையில் வந்த ஐந்தில் பக், குன்ட்சே, சாய் ஆகியோரின் முறைகள் இருந்தன. எனவே, எதை நம்புவது என்பதற்கு என் பதில்: தொடக்க வடிவமைப்பில் இரண்டு விதிகளைப் போட்டு, சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் வெகுவாக விலகும் இடம் எதுவோ, அந்த அடுக்கமைப்பைத்தான் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் 5 துண்டுகளை இழுத்துப் பார்த்து, சராசரியை வலிமை என்று எழுதுகிறோம். போதுமா? (ராமநாதபுரம்)

பதில்: போதாது. சராசரி என்பது பாதித் துண்டுகள் அதற்குக் கீழே உடையும் எண். வானூர்தித் துறையில், 100 துண்டுகளில் 90 துண்டுகளாவது தாங்கும் என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லக்கூடிய மதிப்பையே பி-நிலை மதிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பேச்சுக்குச் சராசரி 90 மெகாபாஸ்கல், திட்டவிலக்கம் (விடைகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 8 என்று வைத்துக்கொள்வோம். 5 துண்டுகள் மட்டும் சோதித்திருந்தால் திட்டவிலக்கத்தை 3.41-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். கிடைப்பது 63 கூட இல்லை. 30 துண்டுகள் சோதித்திருந்தால் 1.78-ஆல் பெருக்கினால் போதும். 76 வரை சொல்லலாம். பொருள் அதேதான், நமக்கு அதைப் பற்றித் தெரிந்ததன் அளவுதான் மாறுகிறது. கையால் ரெசின் தடவும் வேலையில் திட்டவிலக்கம் எப்போதும் பெரிதாகவே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: தடிமன் கூடினால் பலம் கூடும் என்பது சரிதானே? படகை வாங்கும்போது தடிமனை அளந்து பார்த்தால் போதாதா? (தேவிபட்டினம்)

பதில்: தடிமனை அளப்பது நல்லது, ஆனால் அது எதைக் கொண்டு வந்த தடிமன் என்பதை அளவுகோல் சொல்லாது. ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை, 30 விழுக்காடு கண்ணாடி வருமாறு ரெசினில் நன்றாக உருட்டி எடுத்தால், ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மி.மீ. வரும். அவசர வேலையில் ரெசினை ஊற்றிவிட்டு உருளையால் சரியாக அழுத்தாமல் விட்டால், கண்ணாடி 25 விழுக்காடாகக் குறைந்து அடுக்கின் தடிமன் 1.3 மி.மீ. ஆகும். 8 அடுக்கு வேண்டிய இடத்தில் 6 அடுக்கிலேயே கிட்டத்தட்ட 8 மி.மீ. வந்துவிடும், இழுவலிமையோ 85-இலிருந்து 75-க்கு இறங்கும். உருளை போடாத இடத்தில் காற்றுக்குமிழும் தங்கும். உண்மையை அறிய ஒரு வழி உண்டு. குழாய்க்காகப் படகில் துளை போடும்போது வெட்டி எடுக்கும் வட்டத் துண்டைத் தூக்கி எறியாமல், எடைபோட்டு, சோதனைக்கூட உலையில் 565 செல்சியஸ் வெப்பத்தில் ரெசின் முழுவதும் எரியும்வரை வைக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவது கண்ணாடி மட்டுமே. அதை எடைபோட்டால் விழுக்காடு கிடைத்துவிடும், மேட் அடுக்குகளைக் கையால் பிரித்து எண்ணவும் முடியும். படகு வாங்குபவர்கள் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம் கரையில் வர வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: பின்பக்கத்தில் இயந்திரத்துக்குப் போல்ட் துளை போட வேண்டும். துளையால் எவ்வளவு பலம் போகும்? (தொண்டி)

பதில்: எல்லாத் திசையிலும் ஒரே விறைப்புள்ள தகட்டில், வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும். அப்படியானால் துளை பெரிதோ சிறிதோ, வலிமை மூன்றில் ஒன்றாக வேண்டும். சோதனையில் அப்படி நடப்பதில்லை. சிறு துளை குறைவாகவே கெடுக்கிறது. 1974-இல் விட்னியும் நுயிஸ்மரும், தகைவைத் துளையின் ஓரத்தில் பார்க்காமல் ஓரத்திலிருந்து தகட்டுக்குள் சிறிது தள்ளிப் பார்த்தால் சோதனையோடு ஒத்துப்போகிறது என்று காட்டினார்கள். அந்தத் தூரத்தை ஒரு மி.மீ. என்று கொண்டால், 6 மி.மீ. துளையுள்ள அகன்ற தகட்டுக்கு 57 விழுக்காடு வலிமை மிஞ்சும், 24 மி.மீ. துளைக்கு 40 விழுக்காடு. அந்தத் தூரத்தையே சோதனை செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால், இதைக் கணிப்பு என்று சொல்வதைவிட நன்றாகத் தைத்த ஒட்டு என்று சொல்லலாம். ஆனாலும் வேலைக்கு உதவும். உங்களுக்கு: துளையைச் சுற்றி முன்கூட்டியே அடுக்குகளைக் கூட்டுங்கள், விளிம்பிலிருந்து துளை விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது தள்ளிப் போடுங்கள், அகன்ற வாஷர் வையுங்கள். துளையின் உட்சுவரில் ரெசின் பூசாமல் போல்ட்டை ஏற்றாதீர்கள். வெட்டுண்ட இழைமுனைதான் நீர் ஏறும் வாசல்.

கேள்வி: என் படகுக்கு வயது 11. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போதுள்ளதைவிடப் பெரிய இயந்திரம் வைத்தால், வேகம் 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) என்பதிலிருந்து 11 நாட்டாகக் கூடும் என்கிறார்கள். படகு தாங்குமா? (ஏர்வாடி)

பதில்: அலையில் மோதும் அழுத்தம் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 8-இலிருந்து 11 என்றால் அழுத்தம் 1.9 மடங்கு. பாம்பன் வாசகருக்குப் போட்ட கணக்கில் 78 என்று வந்த தகைவு, உங்களிடம் அதே தடிமனும் இடைவெளியும் இருந்தால், 148 ஆகிவிடும். புதிய தகடே முறியும் எல்லை அது.

உங்கள் தகடு புதிதுமல்ல. கண்ணாடியிழைப் பொருளுக்கு, சுமை திரும்பத் திரும்ப வரும் எண்ணிக்கை பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும், தொடக்க வலிமையில் சுமார் 10 விழுக்காடு குறைகிறது என்று ஒரு நடைமுறை விதி உண்டு. 5 நொடிக்கு ஒரு மோதல், நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்று எண்ணினால் ஓர் ஆண்டிலேயே பத்து லட்சத்தைத் தாண்டும். பத்து லட்சம் முறை ஒரே அளவில் மோதுவதைத் தாங்க வேண்டுமானால், அந்த மோதல் தொடக்க வலிமையில் 40 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். எல்லா மோதலும் பெரிய மோதல் அல்ல, பாக் நீரிணைப் பக்கத்தின் குட்டை அலையும் மன்னார் வளைகுடாவின் நீண்ட அலையும் ஒன்றுமல்ல. ஆகவே உங்கள் படகில் மிஞ்சியிருப்பது 40 விழுக்காடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்க்க நன்றாக இருப்பது இதற்குச் சான்றாகாது, ஏனென்றால் இழை ரெசினிலிருந்து பிரிவது ஜெல்கோட்டுக்கு அடியில் நடக்கும் வேலை. அதோடு, 11 ஆண்டு வெதுவெதுப்பான உப்புநீரில் ஊறிய பாலியஸ்டர், நீரை உறிஞ்சி இழைப்பிடிப்பை இழந்திருக்கும். அடிப்பக்கத்தில் அம்மைக் கொப்புளம் போன்ற புடைப்புகள் இருக்கின்றனவா, குத்தினால் புளித்த வாடையுள்ள நீர் கசிகிறதா என்று பாருங்கள்.

கொப்புளம் இல்லை, தட்டினால் எங்கும் ஒரே ஒலி என்றால், அணியத்திலிருந்து பாதி நீளம்வரை சட்டங்களுக்கு இடையே புதுச் சட்டம் ஏற்றி, இயந்திரம் அமரும் பின்சுவருக்கும் அடுக்குக் கூட்டிய பிறகு பெரிய இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். அந்தச் செலவு இப்போது முடியாது என்றால் பழைய இயந்திரத்தையே ஓட்டுங்கள். அல்லது புதியதை வைத்துவிட்டு, கச்சான் அடிக்கும் மாதங்களில் 8 நாட்டுக்கு மேல் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.